பெர்லினில் படிக்கப் போகிறீர்களா? மாதச் செலவைத் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

பெர்லினின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. இதைக் கேட்டதுமே வீட்டில் பாதிக் கவலை தீர்ந்துவிடும். மீதிப் பாதியை பிளாக்ட் அக்கவுண்ட் தீர்த்துவிடும் என்று நினைத்துக்கொள்வார்கள். மாணவர் விசாவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே அதில் போட வேண்டும், போய்ச் சேர்ந்த பிறகு மாதம் 992 யூரோ கையில் வரும். 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் தொகை. விண்ணப்பிக்கும்போது தூதரகத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

992 யூரோ என்பது ஜெர்மனி முழுவதற்கும் அரசாங்கம் போட்ட குறைந்தபட்சக் கணக்கு. லைப்சிக் பக்கம் சின்ன ஊரில் இருப்பவருக்கும் பெர்லினில் இருப்பவருக்கும் அதே தொகைதான். பெர்லினில் அது போதுமா போதாதா என்பதை ஏறக்குறைய முழுவதுமாக ஒரே ஒரு விஷயம்தான் முடிவு செய்கிறது: அறை வாடகை. காபி குடிக்காமல் மிச்சம் பிடிப்பதெல்லாம் அப்புறம். அதனால் இந்த வழிகாட்டியில் வாடகைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

(தனியார் பல்கலைக்கழகத்தில் சேருகிறவர்களுக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் யூரோ கட்டணம் தனியாக வரும். ஏஜென்ட் "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்று சொன்னால், சேரப்போகும் இடம் அரசுடையதா தனியாருடையதா என்பதை முதலில் பாருங்கள்.)

1. புறப்படுவதற்கு முன்: பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

பிளாக்ட் அக்கவுண்டில் இருக்கும் பணம் இறங்கிய அன்றே கைக்கு வராது. பெர்லினுக்குப் போய், சாதாரண வங்கிக் கணக்கு ஒன்று திறந்து, அதன் எண்ணைக் கொடுத்து, அவர்கள் சரிபார்த்த பிறகுதான் முதல் தவணை வரும். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். ஆனால் பெரிய செலவுகள் எல்லாம் சரியாக அந்த வாரங்களில்தான் வரிசை கட்டும். அறைக்கு முன்பணம், முதல் மாத வாடகை, செமஸ்டர் தொகை, அறை கிடைக்கும்வரை ஹாஸ்டல், மெத்தை, போர்வை, குளிர்கால ஜாக்கெட், வசிப்பு அனுமதிக்கு 100 யூரோ வரை கட்டணம் என்று நீளும்.

ஆக, 992 யூரோவைத் தொடாமல், ஆரம்பச் செலவுக்கென்று தனியாகக் குறைந்தது 2,500 யூரோ வைத்துக்கொள்ளுங்கள். இது என் கணக்கு, எந்த அலுவலகமும் கேட்பதில்லை. கேட்காததால்தான் பலர் இதைக் கொண்டுவருவதில்லை, முதல் மாதமே தெரிந்தவர்களிடம் கடன் வாங்க வேண்டியதாகிவிடுகிறது. கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதே இந்தத் தொகையையும் சேர்த்துக் கேளுங்கள்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் கவனிக்க இன்னொன்று. பிளாக்ட் அக்கவுண்ட் தொகையே ரூபாயில் 12 லட்சத்தை ஒட்டி வந்துவிடும். 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால், மேலே உள்ள தொகைக்கு டிசிஎஸ் என்ற வரியை வங்கியே முன்கூட்டிப் பிடிக்கும். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு அது இல்லை. அப்பா கணக்கிலிருந்து அனுப்பிப் பிடித்துவிட்டாலும் பணம் போய்விட்டது என்று அர்த்தமில்லை, அவருடைய வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். யூரோ மாற்று விகிதத்தையும் நான்கு இடத்தில் விசாரியுங்கள். "கட்டணம் இல்லை" என்கிற இடத்தில் விகிதத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

2. வாடகை

பெர்லினில் ஒரு வேகே அறை, அதாவது மூன்று நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஒரு தனி அறை, சராசரியாக 650 யூரோ சுற்றி நிற்கிறது. மியூனிக் இதைவிட மோசம் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

முதல் வேலை, அட்மிஷன் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்குப் பதிவு செய்வது. பெர்லினில் ஷ்டூடியரெண்டென்வெர்க் என்ற அரசு சார்ந்த மாணவர் சேவை நிறுவனம்தான் விடுதிகளையும் மென்சா என்ற கேன்டீன்களையும் நடத்துகிறது. அங்கே ஓர் அறை 350 யூரோ அளவில் கிடைத்தால் உங்கள் பட்ஜெட் பிரச்சினையில் பெரும்பகுதி முடிந்தது. காத்திருப்போர் பட்டியல் நீளம்தான். முதல் செமஸ்டரில் கிடைக்கவில்லை என்றால் பெயரை எடுத்துவிடாதீர்கள், இரண்டாவது செமஸ்டரில் கிடைத்தாலும் அது ஆதாயமே. ஃப்ரைய பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் ஷ்லாக்டென்சே மாணவர் கிராமத்தையும் பாருங்கள், அது வேறு அமைப்பு, தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

விடுதி இல்லையென்றால் வேகே-கெசூக்ட் தளம். அங்கே ஒரு விளம்பரத்தை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். ஹெல்லர்ஸ்டார்ஃபில் 12 சதுர மீட்டர் அறை, 430 யூரோ என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. 430 என்பது கால்ட்மீட்டெயா வார்ம்மீட்டெயா? முன்னது வெறும் அறைக்கு மட்டும். பின்னதில்தான் ஹீட்டர், தண்ணீர், குப்பை, படிக்கட்டு சுத்தம் எல்லாம் சேரும். மின்சாரமும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் வார்ம்மீட்டெயிலும் அடங்காது. எல்லாம் கூட்டினால் அந்த 430, 540 ஆகிவிடும். கீழே அப்லோசே என்று ஒரு தொகை இருக்கிறதா? முன்பு இருந்தவர் விட்டுப்போகும் கட்டில், அலமாரிக்கான விலை அது. பேரம் பேசலாம். பிறகு, அறை எத்தனை மாதத்துக்கு? ட்ஸ்விஷென்மீட்டெ என்றால் சொந்தக்காரர் ஊரில் இல்லாத சில மாதங்களுக்கு மட்டும். முதல் மூன்று மாதத்துக்கு அது மோசமில்லை, ஊரில் கால் ஊன்றிக்கொண்டு நிதானமாகத் தேடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்க வேண்டிய கேள்வி, அந்த முகவரியில் அன்மெல்டுங் செய்ய முடியுமா என்பது. குடியேறிய 14 நாளுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீட்டுக்காரர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பதிவு இல்லையென்றால் வரி எண் வருவது தள்ளிப்போகும், வசிப்பு அனுமதி வேலையும் சிக்கும். "அன்மெல்டுங் மட்டும் முடியாது, வாடகை குறைத்துத் தருகிறேன்" என்றால் அந்த அறை வேண்டாம்.

முன்பணம் மூன்று மாதக் கால்ட்மீட்டெக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று சம தவணையாகக் கட்ட உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. இது பலருக்குத் தெரியாது. மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள், முதல் மாத நெருக்கடியில் பெரிய உதவி.

மோசடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணத்தை அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று வந்தால் அது நூற்றுக்கு நூறு ஏமாற்று. அறையை நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். சொந்தமாகச் சம்பாதிக்காத வயதில் அப்பா அம்மாவின் 1,500 யூரோ போவது சாதாரண அடி இல்லை.

எந்தப் பகுதி? நொய்க்கோல்ன், க்ராய்ட்ஸ்பெர்க், ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹைன் என்று எல்லோரும் சொல்லும் பெயர்களை விட்டுவிட்டு மார்ஸான், லிஷ்டென்பெர்க், ஷ்பான்டவ், கோபெனிக் பக்கம் தேடுங்கள். செமஸ்டர் டிக்கெட்டில் தூரத்துக்குக் கூடுதல் காசு கிடையாது. மார்ஸானில் எஸ்7 ரயில் ஏறினால் மாறாமல் அரை மணி நேரத்துக்குள் ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்ராஸெ, ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் வாசல் மாதிரிதான். சென்னையில் தாம்பரத்திலிருந்து தினம் போய்வந்தவர்களுக்கு இது தூரமே இல்லை.

3. தப்பிக்க முடியாத செலவுகள்

மருத்துவக் காப்பீடு கட்டாயம். அரசுக் காப்பீட்டில் மாணவர் விகிதம் மாதம் சுமார் 150 யூரோ, நிறுவனத்தைப் பொறுத்துச் சில யூரோ ஏறும் இறங்கும். இது 30 வயது வரைதான். வேலை பார்த்துவிட்டு 31 வயதில் முதுகலைக்குப் போகிறவர்கள் இந்த விகிதத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: மாதம் 30, 40 யூரோவுக்குத் தனியார் காப்பீடு இருக்கிறது என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அதற்காக அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், படிப்பு முடியும்வரை மாணவர் விகிதத்தில் திரும்பிச் சேர முடியாது. 30 வயதுக்குள் இருப்பவர் அரசுக் காப்பீட்டிலேயே இருப்பதுதான் நல்லது.

செமஸ்டர் தொகை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 350 யூரோ சுற்றி. இதில் பாதிக்கு மேல் போக்குவரத்து டிக்கெட்டுக்கே போகிறது, அதனால் இதைக் கட்டணமாக நினைத்து வருந்த வேண்டாம். ஜெர்மனி முழுவதும் பஸ், டிராம், மெட்ரோ, உள்ளூர் ரயில் எல்லாம் அதில் ஓடும். ஐசிஇ போன்ற வேக ரயில்கள் மட்டும் சேராது. டிக்கெட் செல்பேசியில் இருக்கும், பேட்டரி தீர்ந்து பரிசோதகரிடம் காட்ட முடியாமல் போனால் தொல்லை. டிக்கெட் இல்லாப் பயணத்துக்கு அபராதம் 60 யூரோ.

வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ. டிவி இல்லையென்றாலும் கட்ட வேண்டும். அன்மெல்டுங் செய்த சில வாரத்தில் கடிதம் வரும். விளம்பரம் என்று குப்பையில் போட்டால் அபராதத்தோடு திரும்பி வரும். ஆனால் இது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. வேகேயில் ஒருவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய எண்ணைப் பதிலில் எழுதிவிட்டு, உங்கள் பங்கை அவரிடம் கொடுத்தால் போதும்.

ப்ரீபெய்ட் சிம் 10 யூரோ. 24 மாத ஒப்பந்தத்தில் புதுப் போன் தருகிறார்கள் என்று கையெழுத்துப் போடாதீர்கள், முதல் வருடத்தில் வேண்டவே வேண்டாம். ஹாஃப்ட்ஃப்லிஷ்ட் என்ற பொறுப்புக் காப்பீட்டை மட்டும் எடுத்துவிடுங்கள், மாதம் நான்கு ஐந்து யூரோ. சாவி தொலைந்து கட்டடத்தின் பூட்டுகளையே மாற்ற வேண்டி வந்தால் அந்த பில்லை மாணவர் யாரும் தாங்க முடியாது. தொலைந்த சாவியும் அதில் அடங்குமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

4. இப்போது கூட்டிப் பாருங்கள்

வாடகை 650, மருத்துவக் காப்பீடு 150, செமஸ்டர் தொகை மாதக் கணக்கில் 60, வானொலிப் பங்கு 6, சிம் 10, பொறுப்புக் காப்பீடு 4, சாப்பாடு 220. மொத்தம் 1,100 யூரோ. துணி, முடிவெட்டு, நண்பர் பிறந்தநாள், ஊருக்கு விமான டிக்கெட் எதுவும் இன்னும் வரவில்லை, அதற்குள் 108 யூரோ துண்டு விழுகிறது.

அதே கணக்கில் வாடகையை மட்டும் 350 ஆக்குங்கள். மொத்தம் 800. கையில் 192 மிச்சம்.

அதனால் அறை தேடும்போது உங்கள் எல்லையை முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: எல்லாம் சேர்த்து 500 யூரோ. அதற்கு மேல் போனால், மேலே போகும் ஒவ்வொரு யூரோவும் எந்த வேலையிலிருந்து வரும் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

5. சாப்பாடு: வாரம் 50 யூரோ

மாதம் 220 என்று வைத்தால் முதல் பத்து நாளில் 150 போய்விடும். வாரக் கணக்காக்குங்கள். திங்கட்கிழமை 50 யூரோ, ஞாயிறு இரவு பூஜ்யம். தமிழ் வீட்டுச் சமையல் தெரிந்தவருக்கு இது நன்றாகவே போதும். பருப்பு, அரிசி, தயிர், காய் என்று சாப்பிடுகிறவருக்கு பெர்லின் மலிவான ஊர்தான்.

பால், முட்டை, ரொட்டி, வெண்ணெய், எண்ணெய்க்கு லிடில், ஆல்டி, பென்னி. கடைகளின் சொந்தப் பெயரில் வரும் பொருள்தான் விலை குறைவு, அதைக் கீழ்த் தட்டில் வைத்திருப்பார்கள், குனிந்து பாருங்கள். காய்கறி, கொத்தமல்லி, வெண்டைக்காய், பச்சை மிளகாய்க்கு துருக்கிக் கடைகள். அங்கே கொத்தமல்லி நம் ஊர் மாதிரி கட்டாகவே கிடைக்கும், சூப்பர்மார்க்கெட்டில் அதே காசுக்கு ஒரு சின்னத் தொட்டி. வாளியில் விற்கும் ஒரு கிலோ கெட்டித் தயிரை வாங்கினால் ஒரு வாரம் தயிர்சாதக் கவலை இல்லை. மைசூர் பருப்பும் கொண்டைக்கடலையும் பெரிய பொட்டலமாக அங்கேயே கிடைக்கும். துவரம்பருப்பு, புளி, இட்லி அரிசிக்கு மட்டும் இந்திய, இலங்கைத் தமிழ்க் கடைகள், மாதம் ஒருமுறை போதும். பிரிட்ஸ் பகுதியில் இலங்கைத் தமிழர் கட்டிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. அங்கே வருகிறவர்களிடம் கேட்டால் எந்தக் கடையில் எது மலிவு என்பது எந்த இணையத் தேடலையும்விடச் சரியாகத் தெரியும்.

மாய்பாக்ஊஃபர் கால்வாய் ஓரத்தில் செவ்வாயும் வெள்ளியும் துருக்கிச் சந்தை. காலையில் போனால் நல்ல காய், சாதாரண விலை. மாலையில் கடை கட்டும் நேரத்துக்குச் சற்று முன் போய்ப் பாருங்கள். பழுத்த தக்காளியையும் மாம்பழத்தையும் தட்டோடு ஒரு யூரோ, இரண்டு யூரோ என்று கூவி விற்பார்கள். தட்டில் பாதி கனிந்திருக்கும், அன்றைக்கே தொக்கு கிண்டிவிட வேண்டும். புட்டியில் போட்டு வைத்தால் இரண்டு வாரத்துக்கு இரவுச் சாப்பாடு யோசிக்காமல் நடக்கும். தேர்வு நேரத்தில் அதன் அருமை தெரியும்.

ஊரிலிருந்து கொண்டுவர வேண்டிய ஒரே பாத்திரம் குக்கர். அலுமினியம் வேண்டாம், அடிப்பாகம் இண்டக்ஷனுக்கு ஏற்ற ஸ்டீல் குக்கராகப் பாருங்கள், எந்த வீட்டில் எந்த அடுப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. மிக்ஸி கொண்டுவந்தால் அதன் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது, எர்த் இணைப்புள்ள அடாப்டர் தேவை.

மதியம் மென்சா. மாணவர் அட்டையைக் காட்டி எடுக்கும் மென்சா கார்டில் மாணவர் விலை தனி, வெளியாள் விலை தனி. வெளியே ஒரு டோனர், அதாவது ரொட்டிக்குள் இறைச்சி வைத்த துருக்கி உணவு, 7 யூரோவைத் தாண்டிவிட்டது. வாரம் இரண்டு என்றாலே மாதம் 60 யூரோ.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மறந்தால் ஞாயிறன்று ஷ்பேட்டி என்ற பெட்டிக்கடையில் இரட்டை விலை கொடுத்துப் பால் வாங்க வேண்டிவரும். காலி பாட்டில்களை எறியாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட், பியர் பாட்டிலுக்கு 8 சென்ட் சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் திரும்பக் கிடைக்கும். அது வாங்கும்போது நீங்களே கொடுத்த காசு.

6. பகுதிநேர வேலை

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் 2024 மார்ச்சிலிருந்து ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்திலேயே மாணவ உதவியாளராகச் செய்யும் வேலை இந்தக் கணக்கில் சேராது. சம்பளமும் ஒழுங்காக வரும், பேராசிரியர்களோடு பழக்கமும் கிடைக்கும். அதனால் முதலில் துறை அறிவிப்புப் பலகையைத்தான் பார்க்க வேண்டும்.

குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. மினிஜாப் என்ற சிறு பகுதிநேர வேலை என்றால் மாதம் 603 யூரோ வரை. கணக்குப் போட்டால் வாரம் பத்து மணி நேரம். மாணவர் காப்பீட்டு விகிதம் மாறாது, ஓய்வூதியப் பிடித்தத்திலிருந்தும் எழுதிக் கொடுத்து விலக்குப் பெறலாம். துண்டு விழுந்த 108 யூரோவை அடைக்க இது தாராளம். முதல் செமஸ்டரில் இதற்கு மேல் வேண்டாம் என்பேன். வாரம் 20 மணி நேரம் கிடங்கில் நின்றுவிட்டு வருகிறவர் தேர்வைத் தள்ளிப்போடுகிறார். ஒரு செமஸ்டர் கூடினால் ஆறு மாதச் செலவு, குறைந்தது 5,000 யூரோ, கூடுகிறது.

உணவு டெலிவரி போன்றவற்றில் கவனம் தேவை. உங்களை ஊழியராக எடுக்காமல் சுயதொழில் என்று எழுதினால், மாணவர் அனுமதியில் அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும்.

7. தாமதமாக வரும் பில்கள்

வாடகையோடு கட்டும் ஹீட்டர் பணம் ஒரு முன்பணம்தான். உண்மைக் கணக்கு அடுத்த ஆண்டுதான் வரும், ஆண்டு முடிந்து 12 மாதம் வரை வீட்டுக்காரருக்கு அவகாசம் உண்டு. குளிர்காலம் முழுக்க ஜன்னலைச் சாய்த்துத் திறந்துவைத்து ஹீட்டரை ஓடவிட்டால் சில நூறு யூரோ பாக்கி வரலாம். ஐந்து நிமிடம் முழுதாகத் திறந்து காற்றை மாற்றிவிட்டு மூடுங்கள். மாதம் 20 யூரோவை இதற்கென்றே ஒதுக்குங்கள், பாக்கி வராவிட்டால் விமான டிக்கெட்டுக்கு ஆகும்.

ஜாக்கெட், சைக்கிள், மேசை எதையும் புதிதாக வாங்காதீர்கள். ஃப்ராங்க்ஃபுர்ட்டர் டோர் அருகே ஹுமானா பழந்துணிக் கடை பல மாடி, நல்ல குளிர்கால ஜாக்கெட் அங்கே அகப்படும். மற்றதெல்லாம் பழைய பொருள்கள் விற்கும் க்ளைன்அன்ட்சைகன் தளத்தில்.

அன்மெல்டுங் படிவத்தில் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர், சீர்திருத்தத் திருச்சபை என்று பதிவானால் தேவாலய வரி உண்டு, பெர்லினில் வருமான வரியில் 9 சதவீதம். மாணவர் வருமானத்தில் பெரிதாகத் தெரியாது, முழுநேர வேலையில் சேரும்போது தெரியும். கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளைகள் இதை அறிந்துகொண்டு நிரப்புங்கள்.

8. இரண்டாம் ஆண்டு

வசிப்பு அனுமதியை நீட்டிக்கும்போது பணம் இருப்பதை மறுபடி காட்ட வேண்டும். முதல் ஆண்டுப் பணத்தைச் செலவழித்து முடித்த நிலையில் இது திடீரென்று வந்து நிற்கும். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், உதவித்தொகைக் கடிதம், மீண்டும் பிளாக்ட் அக்கவுண்ட் என்று வழிகள் உண்டு. அதனால் வேலை பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் ஒரு கோப்பில் சேருங்கள். காலாவதித் தேதிக்கு மூன்று மாதம் முன்பே பெர்லின் குடிவரவு அலுவலகத்தின் தளத்தில் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

சம்பளத்தில் வருமான வரி பிடித்திருந்தால் திரும்பக் கேளுங்கள். 2026இல் ஆண்டு வருமானம் 12,348 யூரோ வரை வரி இல்லை. எல்ஸ்டர் என்ற அரசுத் தளத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம், நான்கு ஆண்டு பின்னோக்கியும் கேட்கலாம்.

அப்படியும் ஒரு மாதம் வாடகைக்குப் பணம் இல்லை என்ற நிலை வந்தால், கிரெடிட் கார்டையோ அறைத் தோழரையோ நாடுவதற்கு முன் ஷ்டூடியரெண்டென்வெர்க்கின் சமூக ஆலோசனைப் பிரிவுக்குப் போங்கள். இலவசம். ஜெர்மன் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை, ஆங்கிலத்தில் பேசலாம். வாடகைத் தேதிக்குப் பத்து நாள் முன்பே போனால் அவர்களுக்கும் ஏதாவது செய்ய நேரம் இருக்கும்.